நீரிழிவு நரம்பு நோய் மருத்துவ வரலாறு: வேலூர் முதல் கூடலூர் வரை

நீரிழிவு நரம்பு நோய் என்பது இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருப்பதால் உடலின் நரம்புகள் சிதைவதால் வரும் நோயாகும். பாத எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, மரத்துப்போதல், தசை மெலிவு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள். இந்நோயைத் தடுக்கவும் அதன் துன்பத்தைக் குறைக்கவும் இன்று உலகெங்கும் கையாளப்படும் முறைகளுள் சில தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தொழுநோயாளர்களுக்கு மருத்துவம் செய்தபோது உருவானவை. அந்த வரலாற்றையும், நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் போன்ற மலைப்பகுதிகளில் அதற்குள்ள பொருத்தத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இயல்பு

முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை செல்லும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. மிகுந்த சர்க்கரை நரம்பு இழைகளையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களையும் பாதிக்கிறது. நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் நோய் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது. முழங்கால் அளவை எட்டும்போது கைவிரல்களிலும் மதமதப்புத் தொடங்குவது வழக்கம். காலுறையும் கையுறையும் அணிந்த பகுதிகளைப் போல உணர்வு குறைவதாக மருத்துவ நூல்கள் இதை வருணிக்கின்றன.

நரம்புகள் மூன்று வகை வேலைகளைச் செய்கின்றன. உணர்வு நரம்புகள் கெட்டால் வலியும் பின்னர் உணர்வின்மையும் வருகின்றன. இயக்க நரம்புகள் கெட்டால் பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் நகம் போல வளைந்து, நடக்கும்போது உடலின் எடை முன்பாதத்தின் ஓரிரு புள்ளிகளில் குவிகிறது. வியர்வை, இரத்த ஓட்டம் போன்ற தன்னியக்கச் செயல்களுக்கான நரம்புகள் கெட்டால் தோல் வறண்டு வெடிக்கிறது. மூன்றும் ஒரே பாதத்தில் சேரும்போது புண் எளிதில் உண்டாகிறது. எரிச்சலால் இரவில் உறங்க முடியாத அதே பாதத்தில் முள் குத்தினால் தெரியாமல் போவதும் உண்டு. வலி இருப்பதால் உணர்வு நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை.

பழங்காலக் குறிப்புகள்

சரக சம்கிதை, பிரமேகம் என்னும் நோய்க்கு முன் தோன்றும் குறிகளுள் கை கால்களில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் சேர்த்துக் கூறுகிறது. சிறுநீரில் இனிப்பு இருப்பதையும், அதனை எறும்புகள் மொய்ப்பதையும் இந்தியப் பழைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் 1798ஆம் ஆண்டில் ஜான் ரோலோ என்னும் மருத்துவர் நீரிழிவு நோயாளரின் கால் வலியைக் குறித்துவைத்தார்.

அக்காலத்தில் நரம்பு மண்டலம் கெடுவதால்தான் நீரிழிவு வருகிறது என்ற கருத்து இருந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் மார்ஷல் தெ கால்வி 1864இல் இதைத் தலைகீழாக மாற்றி, நீரிழிவால்தான் நரம்பு கெடுகிறது என்று எடுத்துக்காட்டினார். 1884இல் பூஷார் என்பவர் நோயாளரின் முழங்காலைத் தட்டினால் கால் எகிறாததைக் கண்டார். அடுத்த ஆண்டில் இலண்டன் மருத்துவர் பேவி இரவில் கூடும் வலி, எரிச்சல், உணர்வின்மை ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்து விளக்கினார். 1890இல் செருமானிய மருத்துவர் லுட்விக் புருன்ஸ் தொடைத் தசைகள் வலித்து மெலியும் வேறொரு வகையை விவரித்தார்.

இன்சுலினும் புதிய சிக்கலும்

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட், காலிப், மக்லியோடு ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்துபோன நோயாளர்கள் பல பத்தாண்டுகள் வாழத் தொடங்கினர். ஆனால் வாழ்நாள் நீண்டதும், நரம்பு, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் மெதுவான கேடுகள் வெளிப்பட்டன.

இதற்குச் சரியான மருந்து எது என்று தெரியாத காலத்தில் பலவும் முயலப்பட்டன. வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயிலும் கால் மரத்துப்போவதால், அந்த வைட்டமினே இங்கும் பலன் தரும் என்று 1930களில் நம்பினர். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

பெல்ஜிய மருத்துவர் ழான் பிரார் 1947 முதல் 1973 வரை 4,400 நோயாளர்களைத் தொடர்ந்து கவனித்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார். நீரிழிவு கண்டறியப்பட்டபோது நூற்றுக்கு 7 அல்லது 8 பேருக்கு இருந்த நரம்பு நோய், 25 ஆண்டுகளுக்குப் பின் பாதிப் பேருக்கு இருந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்தவர்களிடமே அது மிகுந்திருந்தது. 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு இதை ஐயமற உறுதி செய்தது. முதல் வகை நீரிழிவு கொண்ட 1,441 பேரிடம் நடந்த அவ்வாய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்பு நோய் சுமார் 60 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரைக் கட்டுப்பாட்டால் நரம்புக்குக் கிடைக்கும் பயன் இதைவிடக் குறைவு. அவர்களுக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டியுள்ளது.

தொழுநோய் காட்டிய வழி

மரத்துப்போன பாதத்தை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கான விடை, நீரிழிவு மருத்துவமனைகளில் அல்லாமல் தொழுநோய் இல்லங்களில் கிடைத்தது. பால் பிராண்டு 1914ஆம் ஆண்டு சூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்குத் தொண்டாற்றிய ஆங்கிலேயர்கள். இலண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவத்தை நடத்திவந்த இராபர்ட் காக்ரேனின் தூண்டுதலால் அவர் தொழுநோயாளர்களின் மடங்கிய கைகளைக் கவனிக்கத் தொடங்கினார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவையை அவர் தொழுநோயாளர்களுக்குச் செய்த முன்னோடி ஆவார்.

தொழுநோயில் தசை அழுகி விரல்கள் தாமாக உதிர்கின்றன என்று அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பினர். பிராண்டு அப்படி நினைக்கவில்லை. நோயாளர்களின் அன்றாட வேலைகளை அவர் உற்றுக் கவனித்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவது, காலில் ஆணி ஏறியது தெரியாமல் நடப்பது, புண்ணுள்ள காலையே ஊன்றி நாள் முழுவதும் வேலை செய்வது ஆகியவையே உறுப்புகளைச் சிதைக்கின்றன என்று கண்டார். புண்ணின் தசையில் ஆறும் ஆற்றல் இருந்தது. ஆனால், ‘இந்தக் காலை ஊன்றாதே’ என்று எச்சரிக்கும் வலி இல்லை. வலி என்பது உடலின் காவலாளி என்ற கருத்தை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். பிலிப் யான்சியுடன் சேர்ந்து 1993இல் அவர் எழுதிய நூல், யாரும் விரும்பாத பரிசு என்றே வலியைக் குறிப்பிடுகிறது.

மாவுக்கட்டும் செருப்பும்

புண்ணுள்ள காலுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் கூலி வேலை செய்பவரை மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. இதற்கு ஒரு வழியை 1930களில் கொழும்பில் அறுவை மருத்துவராக இருந்த மில்ராய் பால் கையாண்டார். எலும்பு முறிவுக்குப் போடுவது போன்ற மாவுக்கட்டைப் பாதத்தோடும் கெண்டைக்காலோடும் இடைவெளியில்லாமல் பொருந்தப் போட்டு, அதோடு நடக்கச் செய்தார். உடல் எடை ஒரே புள்ளியில் அழுந்தாமல் கால் முழுவதும் பரவியதால் புண் ஆறியது. அதே காலத்தில் இந்தியாவில் ஜோசப் கான் என்னும் மருத்துவரும் தொழுநோய்ப் புண்களுக்கு இம்முறையைப் பயன்படுத்தினார். பிராண்டு இதை எடுத்துக்கொண்டு விரிவாக்கினார்.

ஆறிய புண் மீண்டும் வராமலிருக்க ஏற்ற காலணி தேவைப்பட்டது. வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் பலவகைப் பொருள்கள் முயலப்பட்டன. கட்டையும் கெட்டியான தோலும் புண்ணை மிகுவித்தன. மிக மென்மையான பஞ்சு ரப்பரோ சில நாள்களிலேயே தட்டையாகிவிட்டது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலார் ரப்பர் இரண்டுக்கும் இடைப்பட்ட தன்மை உடையது. அது பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுத்து மீண்டும் எழும். அதன்மேல் வார் வைத்துத் தைத்து, கீழே முள் ஏறாத கெட்டியான அடிப்பகுதி ஒட்டப்பட்டது. ஆணி பயன்படுத்துவதில்லை, ஏனெனில் தேய்ந்த செருப்பின் ஆணி பாதத்தில் ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அழைக்கப்படுவது இதுவே.

கார்வில்லும் நைலான் இழையும்

1966இல் பிராண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தொழுநோயாளர்கள் குறைவு, நீரிழிவால் கால் இழப்பவர்கள் மிகுதி. இரண்டு நோய்களிலும் பாதம் ஒரே காரணத்தால்தான் கெடுகிறது என்பதை உணர்ந்து, வேலூரில் கற்ற மாவுக்கட்டு முறையையும் காலணி முறையையும் நீரிழிவு நோயாளர்களுக்குப் பயன்படுத்தினார். அம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது.

அடுத்த தேவை, ஆபத்தான பாதத்தை முன்னதாகக் கண்டுபிடிப்பது. 1890களில் வான் ஃப்ரே என்னும் செருமானிய அறிஞர் குதிரை மயிரைத் தோலில் அழுத்தித் தொடு உணர்வை அளந்தார். 1960இல் செம்ஸ், வைன்ஸ்டைன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்குப் பதிலாக நைலான் இழைகளைக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் இழையும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். கார்வில்லைச் சேர்ந்த பர்க்கும் சிம்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பாதப் புண் கொண்டிருந்த தொழுநோயாளரும் நீரிழிவு நோயாளரும் 10 கிராம் அழுத்தம் தரும் இழையை உணரவில்லை என்று காட்டினர். அந்த இழையை உணர்பவருக்குப் பாதத்தைக் காக்கும் அளவு உணர்வு உள்ளது எனலாம். விலை குறைந்த அந்த நைலான் இழையே இன்று பாதப் பரிசோதனையின் அடிப்படைக் கருவி.

வலிக்கான மருந்துகள்

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரிதும் உதவுவதில்லை. அவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் மேலும் கெடக்கூடும். வேறு நோய்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளே இங்குக் கைகொடுத்தன.

மனச்சோர்வுக்குத் தரப்பட்ட அமிட்ரிப்டிலின், நோயாளருக்கு மனச்சோர்வு இல்லாவிட்டாலும் நரம்பு வலியைக் குறைக்கிறது என்பதை 1987இல் மாக்சு குழுவினரின் ஆய்வு காட்டியது. வலிப்பு நோய்க்கான கேபாபென்டின் 1998இல் பயனுள்ளதாகக் காணப்பட்டது. 2004இல் டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய இரண்டும் இந்த வலிக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மிளகாயின் காரப் பொருளான காப்சைசினும் களிம்பாகப் பயன்படுகிறது.

இவை வலியைக் குறைக்குமே தவிர, கெட்ட நரம்பைச் சீராக்குவதில்லை. பலருக்கு வலி பாதியளவு குறைவதே நல்ல பலனாகக் கருதப்படுகிறது. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மருந்தையும் அளவையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நீரிழிவுக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் நெடுங்காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடும் என்பதை 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு உறுதிப்படுத்தியது. பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். புலால் உண்ணாதவர்களுக்கு இக்குறைபாடு எளிதில் வரும். இதை இரத்தப் பரிசோதனையால் அறிந்து சரிசெய்யலாம். எல்லோருக்கும் ‘சத்து ஊசி’ போடுவதும், குறைபாடு உள்ளவருக்குப் பரிசோதனையே செய்யாமல் விடுவதும் ஒரே அளவு தவறு.

தசைத் தளர்ச்சி

லுட்விக் புருன்ஸ் விவரித்த தொடைத் தசை மெலிவுக்கு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் கார்லண்டு 1950களில் தனிப் பெயர் வழங்கினார். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு ஒரு பக்கத் தொடையில் கடும் வலி தோன்றும். பின்னர்த் தசை மெலிந்து, மாடிப்படி ஏறவும் தரையிலிருந்து எழவும் முடியாமல் போகும். உடல் எடையும் குறையும். 1999இல் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், நரம்புக்குச் செல்லும் நுண்குழாய்களின் அழற்சியே இதற்குக் காரணம் என்று காட்டினர். புற்றுநோயோ பக்கவாதமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஆறுதலான செய்தி, பெரும்பாலோர் பல மாதங்களில் ஓரளவாவது தேறுகின்றனர் என்பதுதான். முறையான பிசியோதெரபி இதில் முதன்மையானது.

எல்லாத் தசைத் தளர்ச்சியும் நீரிழிவால் வருவதல்ல. தண்டுவட அழுத்தம், தைராய்டு குறைபாடு, நோய் எதிர்ப்பாற்றலே நரம்பைத் தாக்கும் நோய் ஆகியவை தனி மருத்துவம் உடையவை. விரைவாக மிகும் தளர்ச்சியை ‘சர்க்கரைதானே’ என்று விட்டுவிடக் கூடாது. விளம்பரங்களில் வரும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல் பலவற்றையும் ஒன்றாகக் குழப்புவதால் உண்மையான காரணம் மறைந்துபோகிறது.

சென்னை ஆய்வுகள்

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவத் துறையை வளர்த்தவர் பேராசிரியர் மா. விசுவநாதன். சென்னை இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை பின்னர்ப் பாதப் பாதுகாப்பு ஆய்வுகளுக்கும் பெயர் பெற்றது. அங்கு நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மைக்ரோசெல்லுலார் ரப்பர் உள்ளிட்ட மென்மையான அடித்தட்டுக் காலணி அணிந்தவர்களுக்குச் சாதாரணக் காலணி அணிந்தவர்களைவிடப் புதிய புண்கள் மிகவும் குறைவாக வந்தன. தொழுநோயாளருக்கென உருவான செருப்பு, அதே மாநிலத்தின் நீரிழிவு நோயாளரின் காலையும் காத்தது.

சென்னை நகரில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களில் 26.1 விழுக்காட்டினருக்கு நரம்பு நோய் இருந்ததாகக் கூறுகிறது. நீரிழிவு அப்போதுதான் கண்டறியப்பட்டவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. சர்க்கரை இருப்பதை அறியும் முன்பே நரம்பு கெடத் தொடங்கிவிடுகிறது என்பது இதன் பொருள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது.

கூடலூர் மலைப்பகுதி

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் மூன்றும் கூடுமிடத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கூடலூர் அமைந்துள்ளது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிகளும், மலையாளம் பேசுவோரும், தோட்டத் தொழிலாளர்களும் இங்கு வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலையளிக்க 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இப்பகுதியிலும் உள்ளன.

தேயிலைச் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குக் காலே பிழைப்பு. பாத உணர்வு குறைந்தவர் சரிவில் எளிதில் நிலை தடுமாறுவார். மழைக்காலத்தில் அட்டை கடித்ததும், வெட்டிய செடியின் முனை குத்தியதும் அவருக்குத் தெரியாமல் போகலாம். குளிருக்கு அடுப்பருகே கால் நீட்டுவதும், எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பதும் தோல் வெந்த பிறகே தெரியவரும். ஈரமான காலணிக்குள் ஊறிய விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வந்து, அதன் வழியே கிருமி நுழையும். பழங்கால வேலூரில் பிராண்டு கவனித்த விபத்துகள் இவற்றிலிருந்து வேறானவை அல்ல.

இப்பகுதிக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவில் அரிவாள் வடிவச் சிவப்பணு மரபு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் லேமன், கட்புஷ் ஆகியோரால் கண்டறியப்பட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை சிவப்பணுக்களைச் சார்ந்தது. இந்நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் விரைவில் அழிவதால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும். எனவே அவர்களுக்கு நேரடி இரத்தச் சர்க்கரை அளவையே நம்ப வேண்டும். இல்லையேல் ‘சர்க்கரை நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லோடு நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

கூடலூரில் 1990 முதல் இயங்கிவரும் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடியினரிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பும் முறைக்காக அறியப்பட்டது. பழங்குடியினருக்கான மருத்துவக் காப்பீடும் 1992இல் இங்குத் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கியது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் அதன்வழி வீட்டுக்கே வருகின்றன. 2022 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நீலகிரிக் கல்லூரியும் ஒன்று. வீட்டுக்கு வரும் பணியாளரின் கையில் ஒரு நைலான் இழையும், பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் இருந்தால், மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே ஆபத்தை அறிய முடியும்.

இன்றைய நடைமுறை

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. உணர்வு குறைந்தவர்கள் நாள்தோறும் மாலையில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவருக்கு வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்லலாம். செருப்பை அணியும் முன் கவிழ்த்துத் தட்டுதல், காய்ப்பைப் பிளேடால் அறுக்காதிருத்தல், வெந்நீரின் சூட்டை உணர்வுள்ள வேறொருவரின் கையால் பார்த்தல், வீட்டுக்குள்ளும் செருப்பணிதல் ஆகியவை செலவில்லாத காப்பு முறைகள். புண், நிற மாற்றம், ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்குதல் ஆகியவை வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. வலி இல்லாத வீக்கத்தின் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

கெட்ட நரம்பை முழுமையாக மீட்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்பு கெடுவதைத் தாமதப்படுத்துகிறது, மருந்து வலியைத் தணிக்கிறது, பயிற்சி தசையைத் தேற்றுகிறது. கண்ணும் செருப்பும், இழந்த வலியின் வேலையைச் செய்கின்றன. நீரிழிவால் நிகழும் கால் இழப்புகளில் பெரும்பகுதி ஒரு சிறிய புண்ணிலிருந்தே தொடங்குகிறது. அந்தப் புண்ணை முதல் நாளிலேயே பார்த்துவிட்டால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி.